அச்சாரமும் முன்பணமும்

(நமது அறக்கட்டளை நடத்திய சுயதொழில் செய்வோர் சந்திப்பில், கொடைக்கானலில் மரவேலைப் பட்டறை நடத்தும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெருமளவு அப்படியே விடப்பட்டுள்ளது.)



உளியும் இழைப்புளியும் பிடித்த கை இது, மைக் பிடித்ததில்லை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னார். நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசுகிறேன். ஆர்டர் பிடிக்கும்போது முன்பணம் கேட்பது. நம்மில் பாதிப்பேருக்கு வாய் வராத இடம் அதுதான்.

இங்கே தையல் வேலை, ஆரி வேலை செய்கிற சகோதரிகள் இருக்கிறீர்கள். வெல்டிங் பட்டறைக்காரர்கள், நிக்காஹ் வீடுகளில் தேக்சா ஏற்றும் பிரியாணி மாஸ்டர்கள், சீசனுக்குக் காட்டேஜ் விடுகிறவர்கள் இருக்கிறீர்கள். நம் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. நாம் செய்வது ஒரே ஒரு ஆளுக்காகச் செய்வது. மளிகைக் கடைக்காரர் இன்று விற்காத பருப்பை நாளைக்கு இன்னொருவருக்கு விற்றுவிடுவார். ஒரு பெண்ணின் அளவுக்கு வெட்டி, அவள் கேட்ட நிறத்தில் மணி கோர்த்துத் தைத்த ரவிக்கையை, அவள் வேண்டாம் என்றால் யாரிடம் கொண்டுபோய் விற்பது? திண்டுக்கல் பூட்டுக்காரரிடம் ஒரு குடோன் கதவுக்கென்று பூட்டு செய்யச் சொல்லிவிட்டு வாங்கப் போகாவிட்டால் அவர் கதி என்ன?

என் கதையைச் சொல்கிறேன். 2016-ல் வில்பட்டி பக்கம் ஒரு பழைய பங்களா. வெளியூர்க்காரர் வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். பதினோரு ஜன்னல் செய்யச் சொன்னார். பழைய கல்கட்டடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஜன்னல் வாய் இன்னொன்று மாதிரி இருக்காது. அரை அங்குலம், முக்கால் அங்குலம் வித்தியாசம். பதினொன்றுக்கும் தனித்தனியே அளவெடுத்தேன். மனிதர் மரியாதையானவர். டீ வாங்கிக் கொடுத்தார், கை குலுக்கினார். "வேலையை முடிங்க பாய், மொத்தமா செட்டில் பண்ணிடறேன்" என்றார். எனக்கு வாய் வரவில்லை. திண்டுக்கல் மரக்கடையில் வேங்கை மரம் கடனுக்கு எடுத்தேன். மலைக்கு ஏற்றிவர வேன் வாடகை கையிலிருந்து போட்டேன்.

எட்டு ஜன்னல் முடிந்திருந்தது. நவம்பர் 8 ராத்திரி 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அவருக்கு போன் செய்தேன். "கொஞ்சம் பொறுங்க பாய்" என்றார். பொறுத்தேன். அடுத்த மாதம் போன் எடுக்கவில்லை. மாசியில் பங்களாவையே விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். புதிதாக வாங்கியவர் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுக்கொண்டார். மரக்கடைக்கு நான் தரவேண்டியது ரூ.62,000. அடைக்க இரண்டு வருஷம் ஆனது. மகளுக்கென்று எடுத்து வைத்த இரண்டு பவுன் அதில் போனது. ஜன்னல்களில் சிலதை அறுத்து ஸ்டூல் செய்தேன், ஒன்று எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டுக் கதவாக இருக்கிறது. மூன்று இன்னும் பட்டறைப் பின்புறம் சாய்ந்து நிற்கின்றன.

அவரை மோசக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு என்ன கஷ்டமோ. ஆனால் ஒன்று எனக்குப் பிறகு புரிந்தது. அன்று பாதிப் பணம் கேட்டிருந்தால், ஒன்று அவர் கொடுத்திருப்பார், அல்லது "யோசிச்சுச் சொல்றேன்" என்று போயிருப்பார். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு நஷ்டமில்லை. பணம் போட்டவர் வாரம் ஒருமுறை போன் செய்து "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்பார். போடாதவருக்கு நம் பெயர்கூட மறந்துபோகும். நம் பயம் தீர்வது இருக்கட்டும், கேட்டவருக்கு நிஜமாகவே அந்தப் பொருள் வேண்டுமா என்பது அவருக்கே அப்போதுதான் தெரிகிறது.

முன்பணம் கேட்டால் வாடிக்கையாளர்கள் சொல்கிற ஒரு வார்த்தை இருக்கிறது. "என்ன பாய், எங்க மேல நம்பிக்கை இல்லையா?" இதைக் கேட்டதும் நாம் சுருங்கிப்போகிறோம். "அய்யோ, அப்படியெல்லாம் இல்லை சார்" என்று நூறு ரூபாய்கூட வாங்காமல் வேலையைத் தொடங்கிவிடுகிறோம். நான் இப்போது சொல்கிற பதில் இது: "சார், இது உங்க வாசலுக்கு மட்டும்தான் பொருந்தும். மரம் நான் கடையில் ரொக்கம் கொடுத்து எடுக்கணும். மரத்துக்கு நீங்க, வேலைக்கு நான்." இதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். இதுவரை இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு போனவர் இரண்டே பேர்.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா, பொருளைக் கொடுக்காமல் பணம் வாங்கலாமா என்ற தயக்கம் சிலருக்கு. எனக்கும் இருந்தது. நான் ஆலிம் இல்லை. ஹஸ்ரத்திடம் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ளவர்கள் பேரீச்சம்பழத்துக்கு இரண்டு, மூன்று ஆண்டுக்கு முன்பாகவே பணம் கொடுக்கும் வழக்கத்தில் இருந்தார்கள். நபியவர்கள் அதை நிறுத்தவில்லை. அளவு, எடை, தவணை மூன்றும் தெளிவாக இருக்கவேண்டும் என்று மட்டும் ஒழுங்குபடுத்தினார்கள். இதற்கு ஸலம் என்று பெயர். இதில் முழுப் பணமும் பேசுகிற இடத்திலேயே கொடுத்துவிட வேண்டும். நம் மாதிரி செய்துகொடுக்கும் வேலைக்கு ஹனஃபி மத்ஹபில் இஸ்திஸ்னாஃ என்று தனிப் பெயர் இருக்கிறது. இதில் பணத்தை முன்னால் கொடுக்கலாம், பகுதி பகுதியாகக் கொடுக்கலாம், கடைசியில் கொடுக்கலாம். ஷாஃபி மத்ஹபில் இதைத் தனியாக ஏற்பதில்லை, ஸலமின் நிபந்தனைகளோடுதான் ஏற்கிறார்கள். ஆகவே இங்கிருக்கும் ஷாஃபி சகோதரர்கள் தங்கள் ஆலிம்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இஸ்திஸ்னாஃவுக்கு ஹனஃபி இமாம்கள் காட்டும் ஆதாரங்களில் ஒன்றைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மஸ்ஜிதுந் நபவியின் மிம்பர். அன்சாரிப் பெண்மணி ஒருவருக்குச் சொல்லியனுப்பி, அவரிடம் இருந்த தச்சரைக் கொண்டு மரத்தில் செய்யச் சொன்னார்கள் நபியவர்கள். மதீனாவுக்குப் பக்கத்தில் காபா என்ற காட்டுப்பகுதியின் மரம். கஃபத்துல்லாஹ் அல்ல, இது வேறு சொல். அப்படியென்றால் அதுவும் ஆர்டர் கொடுத்துச் செய்த மரவேலை! அன்று மஃரிப் முடிந்து வீட்டுக்குப் போகிறவரை எனக்கு வேறு நினைப்பே இல்லை.

செய்து முடித்த பிறகு "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். பொருளைப் பார்த்த பிறகு ஏற்கவோ விடவோ வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்து. பேசியபடியே செய்திருந்தால் அவர் ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்பது அவர்களுடைய மாணவர் இமாம் அபூயூசுஃப் அவர்களிடமிருந்து வரும் கருத்து. பிற்காலத்தில் உஸ்மானியர்கள் மஜல்லா என்ற சட்டத் தொகுப்பை எழுதியபோது இரண்டாவதன் பக்கம் நின்றார்கள். 1992-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், இது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்றே தீர்மானித்தது. பதினோரு ஜன்னலை வைத்துக்கொண்டு நின்றவனுக்கு இந்த வித்தியாசம் வெறும் ஏட்டுப் பேச்சு இல்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நம் ஊரில் எல்லாவற்றையும் "அட்வான்ஸ்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். நம் தாத்தா காலத்தில் இரண்டு வார்த்தை இருந்தது. அச்சாரம் வேறு, முன்பணம் வேறு. பேச்சு உறுதி என்பதற்காகக் கையில் வைப்பது அச்சாரம். அது சின்னத் தொகை. கொடுத்தவர் பின்வாங்கினால் போச்சு. முன்பணம் விலையில் ஒரு பகுதி. மரம் வாங்க, நூல் வாங்க, அரிசி வாங்கக் கொடுப்பது. பொருள் கைக்கு வராவிட்டால் அது கொடுத்தவர் பணம்தான்.

இந்த வித்தியாசத்தை நம் சட்டமும் பார்க்கிறது. மவுலா பக்ஷ் என்று ஒரு கான்ட்ராக்டர். 1947-ல் யு.பி. பகுதி ராணுவத் தலைமையகத்துக்கு உருளைக்கிழங்கும், பிறகு கோழி, முட்டை, மீனும் சப்ளை செய்ய ஒப்புக்கொண்டு, ரூ.10,000-மும் ரூ.8,500-மும் காப்புத்தொகை கட்டினார். சப்ளையில் தவறிவிட்டார். அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்து இரண்டு தொகையையும் எடுத்துக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1969-ல் தீர்ப்பு. இது அச்சாரம் அல்ல, காப்புத்தொகை. அரசுக்கு எவ்வளவு நஷ்டம் என்று நிரூபிக்கவில்லை. ஆகவே பணத்தைத் திருப்பிக் கொடு என்றது நீதிமன்றம். தவறியவர் அவர்தான், இருந்தாலும் பணம் திரும்பி வந்தது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்வதும் நியாயமான ஈடு என்றுதான். "அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது" என்று பில்லில் சிவப்பு எழுத்தில் அச்சடித்துவிட்டால் எல்லாம் நம்முடையது என்று நினைக்கவேண்டாம்.

மார்க்கச் சட்டத்தில் அச்சாரத்துக்கு உர்பூன் என்று பெயர். ஹனஃபி, மாலிகி, ஷாஃபி மூன்று மத்ஹபும் அதை அனுமதிக்கவில்லை. இமாம் அஹ்மத் அவர்கள் அனுமதித்தார்கள். உமர் (ரலி) அவர்களுக்காக மக்காவில் ஸஃப்வான் இப்னு உமய்யாவின் வீட்டைச் சிறைச்சாலைக்கு வாங்கியபோது, உமர் சம்மதிக்காவிட்டால் ஸஃப்வானுக்கு ஒரு தொகை என்று பேசிக்கொண்டதை ஆதாரமாக எடுத்தார்கள். 1993-ல் புரூனையில் கூடிய அதே அகாடமி, இத்தனை நாளுக்குள் என்று காலவரம்பு சொல்லியிருந்தால் அச்சாரம் கூடும் என்றது. ஹஸ்ரத் எனக்குச் சொன்ன யோசனை எளிமையானது. "வாடிக்கையாளர் பின்வாங்கினால் உனக்கு நிஜமாக ஆன நஷ்டத்தை மட்டும் எடுத்துக்கொள். மிச்சத்தை அவர் கையில் கொடு." மவுலா பக்ஷ் தீர்ப்பைப் பிறகுதான் ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம்.

எவ்வளவு கேட்பது? "பாதி" என்பது ஒரு பழக்கம், அவ்வளவுதான். உங்கள் தொழிலில் எது வீணாகும் என்று பாருங்கள். என் தொழிலில் வீணாவது மரம். ஆகவே மரம், கீல், கொண்டி, கண்ணாடி இவற்றின் விலையை முதலில் வாங்குகிறேன். கூலியில் ஒரு பகுதி பாலீஷ் போடும்போது. மிச்சம் ஜன்னலைப் பொருத்தி, திறந்து மூடிக் காட்டிய பிறகு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் உப்பிக் கதவு பிடிக்கும் என்பதால், கடைசியில் கொஞ்சம் பணம் அவர்களிடம் இருப்பது நல்லது. அவர்களுக்கும் ஒரு பிடி வேண்டுமல்லவா?

பிரியாணி மாஸ்டருக்கு அரிசியும் கறியும் முந்தின நாள்தான் வாங்குவது. அவருக்கு வீணாவது தேதி. ஷவ்வாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் வேறு மூன்று வீட்டைத் திருப்பி அனுப்பவேண்டும். அவர் தேதிக்கென்று ஒரு தொகையும், ஒரு வாரம் முன்னால் மளிகைக்கென்று ஒரு தொகையும் தனித்தனியே கேட்கவேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் கல்யாணம் தள்ளிப்போகும்போது சண்டை வருகிறது. காட்டேஜ்காரர்களுக்கும் தேதிதான். 2024 மே 7 முதல் நம் மலைக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் வார நாளுக்கு 4,000 வண்டி, வார இறுதிக்கு 6,000 என்று கணக்கும் வந்தது. பாஸ் கிடைக்காமல் வரமுடியாதவர் பணம் என்னாகும் என்பதை ரூம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். செக்-இன் நாளன்று போனில் தகராறு செய்து பயனில்லை.

யார் கையிலும் இல்லாத காரணத்தால் நின்றுபோவது தனி. 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். பேசிவைத்த கல்யாணங்கள் எல்லாம் நின்றன. அப்போது நமக்குள்ளேயே எத்தனை மனக்கசப்பு! மண்டபத்துக்காரர் தரவில்லை, சமையல்காரர் தரவில்லை. விற்ற பழம் இயற்கைச் சேதத்தில் அழிந்துபோனால் வாங்கியவரிடம் பணம் எடுப்பது ஆகாது என்பது நபிவழியில் வரும் செய்தி. ஒப்பந்தச் சட்டத்தின் 65-வது பிரிவும், ஒப்பந்தம் செல்லாமல் போனால் வாங்கிய ஆதாயத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது. அந்த வருஷம் ஒரு மாஸ்டர் வாங்கியிருந்த தேதிப் பணத்தை மாதம் ஆயிரம் ஐந்நூறு என்று வீடு வீடாகப் போய்க் கொடுத்து முடித்தார். இப்போது அவர் தேதி கிடைக்காமல் மக்கள் கல்யாணத்தையே மாற்றி வைக்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவது என் தவறு. இதைச் சொல்லாமல் இறங்கினால் நான் பேசியதில் பாதி பொய்யாகிவிடும்.

பங்களா நஷ்டத்துக்குப் பிறகு நான் உஷாராகிவிட்டேன். எல்லோரிடமும் முன்பணம் வாங்கினேன். வாங்கியதை என்ன செய்தேன்? பெருமாள்மலையில் ஒரு ரிட்டயர்டு டீச்சர். தனியாக இருந்தார். இரண்டு ஜன்னல், ஒரு கதவுக்கு ரூ.28,000 கொடுத்தார். அதை எடுத்துப்போய் பழைய மரக்கடன் தவணையைக் கட்டினேன். அவர் வேலைக்கு மரம் எடுக்க, அடுத்து ஒரு ஆர்டர் வரும், அந்த முன்பணம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. அது அதற்கு முந்தின வேலைக்குப் போனது. ஜூனில் கொடுக்கவேண்டியது அக்டோபர் ஆனது. டீச்சர் ஒருநாள் பஸ் ஏறிப் பட்டறைக்கே வந்தார். மரக்கட்டை மேல் உட்கார்ந்தார். திட்டவில்லை. "பாய், மழை உள்ள அடிக்குது. தார்ப்பாய் கட்டிருக்கேன். எப்ப வரும்னு மட்டும் நிஜமாச் சொல்லுங்க" என்றார். என்னால் தேதி சொல்ல முடியவில்லை. ஏன் என்றால் அவர் பணம் என்னிடம் இல்லை. பங்களாக்காரர் எனக்குச் செய்ததை நான் அந்த அம்மாவுக்குச் செய்துகொண்டிருந்தேன். ஒரே வித்தியாசம், அவர் போன் எடுக்கவில்லை, நான் எடுத்துப் பொய் சொன்னேன்.

மச்சானிடம் கைமாற்று வாங்கி மரம் எடுத்தேன். ஒன்பது நாளில் முடித்துப் பொருத்திக் கொடுத்தேன். மீதிப் பணம் வாங்க எனக்கு முகமில்லை. டீச்சர் கட்டாயப்படுத்திக் கொடுத்தார்.

அதிலிருந்து ஒரு ஏற்பாடு. முன்பணம் எல்லாம் தனி வங்கிக் கணக்கில் போகும். அதிலிருந்து மரக்கடைக்கு மட்டும்தான் வெளியே போகும், வீட்டுச் செலவுக்குப் போகாது. மரம் பட்டறைக்கு வந்ததும் வாடிக்கையாளர் பெயரைச் சாக்பீசில் அதன்மேல் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். அதைப் பார்த்தபிறகு யாரும் "நம்பிக்கை இல்லையா" என்று கேட்டதில்லை. கணக்கு தொடங்க முடியாத சகோதரிகள் ஆளுக்கொரு கவரில் பெயர் எழுதிப் போட்டு வையுங்கள். அதுவே போதும்.

எழுத்து வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது, பகரா அத்தியாயத்தின் 282. சிறியதோ பெரியதோ எழுதச் சோம்பல் படவேண்டாம் என்றும் அதிலேயே வருகிறது. ஜிபே ஸ்கிரீன்ஷாட் பணம் வந்ததைக் காட்டும், எதற்கு வந்தது என்பதைக் காட்டாது. என்ன பொருள், என்ன அளவு, என்ன மரம், மொத்தம் எவ்வளவு, இன்று வாங்கியது எவ்வளவு, எந்தத் தேதிக்குள், அவர் வேண்டாம் என்றால் எவ்வளவு பிடிப்பேன், நான் தாமதித்தால் என்ன செய்வேன். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. நான் தாமதித்தால் என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இருந்தால்தான் முன்பணம் கேட்க நமக்கே வாய் தைரியமாக வருகிறது. கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம் வத்தலக்குண்டில் எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும்.

டீ இடைவேளையில் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். "அண்ணே, நாத்தனா மக கல்யாணத்துக்கு ஏழு ரவிக்கை ஆரி போட்டுத் தரச் சொல்றாங்க. சொந்தத்துல எப்படிண்ணே அட்வான்ஸ் கேக்கறது?" இங்கே பாதிப்பேருக்கு இதுதான் நிஜமான கேள்வி என்று நினைக்கிறேன். வெளியாள் ஏமாற்றினால் ஆறிவிடும். சொந்தத்தில் கேட்கவும் முடியாது, கேட்காமல் இருந்து மனசுக்குள் புழுங்கவும் முடியாது.

நான் சொன்னது இது. முதலில் உங்களுக்குள் முடிவு செய்யுங்கள்மா, இது அன்பளிப்பா, வேலையா? அன்பளிப்பு என்றால் வாயால் சொல்லிவிடுங்கள். "ரெண்டு ரவிக்கை மாமியோட சீர், மிச்சம் அஞ்சும் கூலிக்கு." அந்த ஐந்துக்கு அட்வான்ஸ் என்ற வார்த்தையே வேண்டாம். "நூலும் மணியும் எடுக்கப் போறேன் மதினி, நீங்களும் வாங்க, உங்களுக்குப் பிடிச்ச கலரா எடுப்போம்" என்று கூட்டிக்கொண்டு போங்கள். கடையில் பில்லை அவர்கள் கையில் கொடுங்கள்.

என் தம்பி வீடு கட்டும்போது நானும் அப்படித்தான் செய்தேன். மரத்தை அவனையே எடுக்கச் சொன்னேன். கூலிக்குச் சீட்டு எழுதினேன். "என்னண்ணே, எனக்கே சீட்டா?" என்று சிரித்தான், கையெழுத்தும் போட்டான். அதில் ரூ.1,500 இன்னும் பாக்கி. சீட்டு இரண்டு பேரிடமும் இருக்கிறது.